மாப்பிள்ளைக்கு முன்னால் போகாதே

ஹலோ... ஆமா, தையல் கடைதான்... யாரு, பெரியவளா? அம்மாதான்டி... இரு, வாயில குண்டூசி இருக்கு... ம், எடுத்துட்டேன். இப்ப சொல்லு.

... என்னது, நின்னுட்டாங்களா?... விழுந்துட்டாங்களா?... விழலையா. விழாம எதுக்குடி நிக்கிறாங்க?... பஞ்சரா?... அதுவும் இல்லையா... மெதுவா சொல்லு, ஒண்ணும் விளங்கலை. மலை உச்சியில காத்துல நின்னுக்கிட்டுக் கத்துறே... சரி, மழையிலயும் நின்னுக்கிட்டுக் கத்துறே. இரு, மிஷினை நிறுத்துறேன்...

ம்... ம்... ரெண்டு பேரும் முதல்ல ஏறி வந்துட்டாங்க... உன் புருஷனும் உன் தம்பியும்... மத்த நாப்பது பேரும் ஆறு நிமிஷம் பின்னாடி வர்றாங்க. அட, நல்ல சேதிதானே... ம்... உச்சிக்கு வந்ததும் ரெண்டு பேரும் ஒரு காலைத் தரையில ஊணிட்டு நிக்கிறாங்க... ‘நீ முதல்ல இறங்கு’ங்கிறார் மாப்பிள்ளை... ‘இல்ல மச்சான், நீங்க முதல்ல’ங்கிறான் சின்னவன்... எவ்வளவு நேரமா?... சைக்கிள் பந்தயத்துலயா? ஏண்டி, லிஃப்ட் வாசல்ல நிக்கிறவங்க மாதிரியில்ல நிக்கிறாங்க.

... கொஞ்சம் அசையாம நில்லுங்க சார்... உன்னை இல்லடி. இங்க ஒருத்தர் முக்காலி மேல நிக்கிறார். பஸ் ஓட்டுறவர். புது யூனிஃபார்ம் பேன்ட், ரெண்டு காலும் தரையைக் கூட்டுது. ஒரு காலை மடிச்சு ஊசி குத்தியாச்சு, இன்னொண்ணு பாக்கி... சரி சரி, உன் கதையைச் சொல்லு.

மாப்பிள்ளை ஏன் முதல்ல போக மாட்டேங்கிறாராம்?... என்ன முழுங்குறே?... சத்தியமா? யாருக்கு, உனக்கா?... எப்ப வாங்கினே?... ம்... போன வருஷம் அடிபட்டதுக்கு அப்புறம்... உன் தலையில கை வச்சு... இறக்கத்துல தம்பிக்கு முன்னாடி போகவே மாட்டேன்னு... ம்... உன் பயமும் நியாயம்தான். அவர் சைக்கிள்ல டிஸ்க் பிரேக், தொட்டா நிக்கும். இவன் சைக்கிள்ல ரிம்மைக் கவ்வுற பழைய பிரேக், ஈரத்துல யோசிச்சுட்டுத்தான் நிக்கும். அவர் நின்னார், இவன் நிக்கலை. நேரா முதுகுல போய் மோதினான். மாப்பிள்ளைக்குக் காறை எலும்பு போச்சு, ஆறு வாரம் நீ ஸ்பூன்ல ஊட்டினே. தெரியாதா எனக்கு.

... அப்ப விஷயம் சுலபம்தானே. நிக்காத பிரேக்கு முன்னாடி போகட்டும், நிக்கிற பிரேக்கு பின்னாடி வரட்டும்... நீயும் அதையேதான் சொன்னியா... இவன் மாட்டேங்கிறானா? ஏனாம்?...

... என்னைக் கேக்கச் சொன்னானா.

... இருக்கேன், இருக்கேன். லைன்லதான் இருக்கேன்... நூல் அந்துடுச்சு, கோத்துக்கிட்டு இருந்தேன்...

ஆமா. நான்தான் வாங்கினேன்... நானும் சத்தியம்தான் வாங்கினேன்... என் தலையில. என் தலை என்ன, உன் தலையைவிட மட்டமா?... மாப்பிள்ளைக்கு முன்னால போகாதேன்னு வாங்கினேன்... ஏனா? அஞ்சு மாசம் அந்த மனுஷன் நம்ம வாசப்படி மிதிக்கலையே, மறந்துட்டியா? நீ மட்டும் தனியா வந்து தனியாப் போனியே. திரும்ப அவர் வந்து உக்கார்றதுக்குள்ள நான் பட்ட பாடு... அதான் சின்னவனைக் கூப்பிட்டு, இனிமே ரோட்டுல அவருக்குப் பின்னாடியே போ, மரியாதை குடுன்னேன்... உன்கிட்ட சொல்லணுமா? நீ என்கிட்ட சொன்னியா?

... முழுக்க இல்லடி. கடைசி நூறு அடிக்கு விலக்கு குடுத்திருந்தேன்... ஆமா, பந்தயம் முடியுற கோடு தெரியுற இடத்துல மட்டும் முந்திக்கலாம்னேன். அதுவரைக்கும் மரியாதை, அதுக்கப்புறம் அவனவன் கால்... சூழ்ச்சி என்ன சூழ்ச்சி? அவன் என் பையன்... உன் புருஷன்தான், யார் இல்லைன்னா?... கோவிச்சுக்காதே, கேளு. உங்க கிளப் செயலாளர் என்ன சொல்லியிருக்கார்? அடுத்த வருஷத்துலேர்ந்து கிளப் வண்டியில டிஸ்க்குக்கு ஒண்ணு, ரிம் பிரேக்குக்கு ஒண்ணுன்னு ரெண்டு மாதிரி மாத்துச் சக்கரம் ஏத்த இடம் இல்லை, ஒரே மாதிரிதான் ஏத்துவோம்னு சொல்லிட்டார். இன்னிக்கு இவங்க ரெண்டு பேர்ல யார் முன்னாடி வர்றாங்களோ, அவங்க பிரேக்தான் எல்லாருக்கும். மாப்பிள்ளை தோத்தா பழைய பிரேக்குக்கு மாறிட்டுப் போயிடுவார், அவர் மாறக்கூடிய மனுஷன். சின்னவன் மாறுவானா? டிஸ்க் பிரேக்கே வேண்டாம்னு பன்னிரண்டு பக்கம் எழுதி கிளப் சுவத்துல ஒட்டிவச்சிருக்கானே. தோத்தா அன்னைக்கே கிளப்பை விட்டு வந்துடுவான். சைக்கிளை விட்டுட்டா அவன்கிட்ட வேற என்னடி இருக்கு? காலையில எந்திரிக்கிறதுக்கே அவனுக்கு அது ஒண்ணுதான் காரணம்.

... இப்ப எத்தனை நிமிஷம்?... அஞ்சேகாலா. சரி, யோசிப்போம்.

... டிரைவர் சார், ஒரு சந்தேகம். உங்க பஸ்ல என்ன பிரேக்?... காத்து பிரேக்கா... இல்ல, எங்க பையன் ஒரு மலைமேல நிக்கிறான்... அதான், நம்ம பேச்சு காதுல விழுந்திருக்குமே உங்களுக்கு... ம்... ம்... டிரைவர் என்ன சொல்றார்னா, ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல போகச் சொல்லுங்கங்கிறார். யாரும் முன்னாடி இல்லை, யாரும் பின்னாடி இல்லை, ரெண்டு சத்தியமும் பொழைச்சுக்கும்... நடுவர்கிட்ட கேளு... மோட்டார் சைக்கிள்ல கூடவே வந்தார்னியே, அவர்கிட்டத்தான்...

... முடியாதாமா. ஏன்?... குழாய் பதிக்கத் தோண்டி வச்சிருக்காங்களா... பாதி ரோடுதான் இருக்கு, ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்தான் இறங்கணும்னு காலையிலேயே கையெழுத்து வாங்கிட்டாங்க. சரி... சார், பக்கத்துல பக்கத்துல ஆகாதாம்.

... சைக்கிளை மாத்திக்கச் சொல்லுங்கங்கிறார் டிரைவர்... ஐயோ, மாப்பிள்ளை ஒட்டகம், இவன் ஆட்டுக்குட்டி. சீட்டுல ஏறினா இவனுக்குப் பெடலே எட்டாது சார்... நீங்க கையைத் தூக்காதீங்க, மடிப்பு அளவு மாறுது.

போனைச் சின்னவன்கிட்ட குடு... குடுடி.

டேய்... என்னடா, நனைஞ்சுட்டியா?... தொப்பி உள்ள ஏதாவது போட்டிருக்கியா?... சரி, அது கிடக்கட்டும். ஏண்டா, நின்னது நின்னபடி நிக்கிறே, கூட்டம் வந்துக்கிட்டு இருக்கே... என்ன, என் தலையா? என் தலை நல்லாத்தான் இருக்கு... சத்தியத்தை எடுத்துக்கவா? அது என்ன, கைமாத்தாக் குடுத்த குடையா, திருப்பி எடுத்துக்க... தெரியும்டா, நீ சொன்ன வாக்கைக் காப்பாத்துறவன்தான். மளிகை வாங்கிட்டு வான்னா மட்டும்தான் மறந்துடுவே...

... ம்... ம்... அதெல்லாம் பன்னிரண்டு பக்கத்துல படிச்சுட்டேன். அரைக் கிலோ கூடுதல் எடை. சக்கரம் மாத்த நேரம் ஆகும். ஆமா... வெயில்ல கொதிச்சுப்போன டிஸ்க் அடுத்தவன் காலை அறுத்துடும், ஆமாம்பா. நாலாம் பக்கம்... டேய், மழையில நின்னுக்கிட்டு எனக்கு ஏழாம் பக்கம் வாசிக்காதே. ஏழாம் பக்கம் நான்தான் பிழை பாத்துக் குடுத்தேன்... ‘நிறுத்துவதற்காக அல்ல, ஓடுவதற்காகவே பந்தயச் சைக்கிள்’, எனக்கு மனப்பாடம்.

டிரைவர் சிரிக்கிறார்டா... பஸ் டிரைவர். இங்க நிக்கிறார்... ஒத்துக்க மாட்டேங்கிறார். முப்பது வருஷமா ஓட்டுறாராம், ஓடுறதை யாரும் பாராட்டலையாம், நிறுத்துறதைத்தான் பாராட்டுறாங்களாம்... எனக்கு என்ன கோவம், அவர் சொன்னதைச் சொன்னேன்... அவருக்குச் சைக்கிள் பத்தித் தெரியாதுதான். உனக்குப் பஸ் பத்தித் தெரியுமா?

சரி, விடு. உனக்கு முதல்ல போகணும். அவ்வளவுதானே... போயிடலாம், விட்டுடுறேன். ஆனா மாப்பிள்ளை வாய் திறந்து சரின்னு சொல்லட்டும். அப்புறம் அஞ்சு மாசம், ஆறு மாசம்னு அந்த மனுஷன் முகத்தைத் திருப்பிக்கிட்டா அக்காளுக்கு யார் பதில் சொல்றது?... அவர்கிட்ட குடு. குடுத்துட்டு நீ கொஞ்சம் தள்ளி நில்லு. காலை உதறிக்கிட்டே இரு, விறைச்சுடும்.

... மாப்பிள்ளை, நல்லா இருக்கீங்களா?... சாப்பிட்டீங்களா?... ஆமா ஆமா, பந்தயத்துல எப்படிச் சாப்பிடுறது, பழக்கதோஷத்துல கேட்டுட்டேன்... தோள்பட்டை எப்படி இருக்கு, மழைக்கு வலிக்குதா?... லேசாவா... ஒத்தடம் குடுங்க. இப்ப இல்ல, வீட்டுக்குப் போய்.

ஒண்ணுமில்லை மாப்பிள்ளை, ஒரு சின்ன விஷயம். சின்னவன் முன்னாடி இறங்குறதுல உங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே?... இல்லையா... ரொம்பச் சந்தோஷம். அப்ப அவன் போகட்டும், நீங்க அவன் பின்னாடியே...

... என்ன?... வேண்டாமா?... இப்பத்தானே வருத்தம் இல்லைன்னீங்க... வருத்தம் இல்லை, ஆனா அவன் முன்னாடி போக வேண்டாம்... ஏன் மாப்பிள்ளை?... அவன் கேட்டுடுவானா? தள்ளித்தானே நிக்கிறான்... சரி, நீங்க இன்னும் ரெண்டு அடி தள்ளிக்குங்க. நடுவர் கேட்டா கேக்கட்டும்...

ம்... போன வருஷம்... அதே மாதிரி மழை. தெரியும்... வளைவுக்கு முன்னாடி... பின்னாடியிருந்து கத்தினானா? என்னன்னு?...

... பிடிக்கலைன்னா.

... பிரேக் பிடிக்கலைன்னு கத்தினான்... நீங்க திரும்பிப் பாத்தீங்க... வளைவுல தடுப்பு இல்லை... ம்... கீழ பள்ளம்...

... ஒரு நிமிஷம் மாப்பிள்ளை.

... டிரைவர் சார், கொஞ்ச நேரம் உக்காருங்க... ஊசி குத்தினாக் குத்தட்டும், உக்காருங்க.

... சொல்லுங்க... அப்ப நீங்க தெரியாம பிரேக் போடலை... வேணும்னேதான் போட்டீங்க. அவன் வந்து உங்க மேல மோதட்டும்னு... இல்லைன்னா நேரா அங்க போயிருப்பான்... உங்க முதுகைக் குடுத்து நிறுத்தியிருக்கீங்க.

... இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?... அவகிட்டகூடச் சொல்லலையா?... ம்... அவன் பிரேக் பிடிக்கலைன்னு தெரிஞ்சா கிளப்புலேர்ந்து அவனை நீக்கிடுவாங்கன்னு... ம்... அவனும் யார்கிட்டயும் சொல்லலை. எப்படிச் சொல்லுவான், உங்க பிரேக் மேலதானே பன்னிரண்டு பக்கம் பழி போட்டு எழுதினான். ஆஸ்பத்திரிக்கு வந்தன்னைக்கு நானும் கேட்டேனே உங்களை. ‘அப்படி என்ன அவசரம் மாப்பிள்ளை, சொல்லாம கொள்ளாம நிக்கிறதுக்கு’ன்னு கேட்டேன். கட்டோட படுத்திருந்த மனுஷனை... அதை விடுங்கங்கிறீங்க. விட்டுடுறேன்.

அப்புறம் அஞ்சு மாசம் வராம இருந்தது கோவத்துல இல்லையா?... ம்?... அவன் சாப்பாட்டு மேசையில ஸ்பூனையும் தட்டையும் வச்சு விபத்து எப்படி நடந்துச்சுன்னு தினம் விளக்குவான், ஆமா... நீங்க ஆமா ஆமான்னு தலையாட்டணும்... பொய்க்குத் தலையாட்ட வரலையா. அதுக்கு வீட்டுக்கே வராம இருந்துட்டீங்களா?... என்ன மனுஷன் நீங்க. ரெண்டு தடவை தலையாட்டிட்டு நாலு வாய் சாப்பிட்டுப் போயிருக்கலாமே... சரி. சரி மாப்பிள்ளை. நான் சொல்ல மாட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்... சத்தியமெல்லாம் வேண்டாம். இன்னிக்கு இருக்கிறதே ஜாஸ்தி.

கூட்டம் எங்க வருது?... ரெண்டரை நிமிஷம்... நீங்க ஏறி உக்காருங்க. நீங்க முதல்ல இறங்குறீங்க... உங்க சத்தியம் எனக்குத் தெரியாதா. போனை அவகிட்ட குடுங்க.

பெரியவளே, நீ வாங்கினதைத் திருப்பிக் குடு... குடு, காரணம் கேக்காதே... தம்பி அவர் முதுகுக்குப் பின்னாடி இருக்க மாட்டான். அவர் போய் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் விடுவேன்... ஆமா, எனக்குத் தெரியும். அப்படி விட்டா இவன் எட்டிப் பிடிக்க மாட்டான். டிஸ்க்குதான் ஜெயிக்கும். தெரிஞ்சுதான் சொல்றேன்... நான் அழலை. மூக்கு அடைச்சிருக்கு... குடுத்துட்டேன்னு அவர்கிட்ட வாய்விட்டுச் சொல்லு... சொல்லிட்டியா... கிளம்பிட்டாரா?... வளைவு திரும்பிட்டாரா?... நல்லது.

போனை ஸ்பீக்கர்ல போடு. சின்னவன் பக்கத்துல பிடி.

டேய்... கத்தாதே, கேக்குது... ஆமா, போயிட்டார். நான்தான் போகச் சொன்னேன்... நீ இப்ப போகக் கூடாது... ஏன்னா, உன் பிரேக் ஈரத்துல பிடிக்காது... யாரும் சொல்லலை... மாப்பிள்ளை என் உடம்பு எப்படி இருக்குன்னுதான் விசாரிச்சார்... எனக்கே தெரியும்டா. உன் பிரேக் கட்டையை நான்தானே ஜன்னல்ல காயவைக்கிறேன்.

... கிளப் போகட்டும்... போகட்டும்ங்கிறேன்... பன்னிரண்டு பக்கம் எழுதினவன் பதிமூணாம் பக்கம் எழுத மாட்டியா? நானே பிழை பாத்துத் தர்றேன்... சரி, எழுத வேண்டாம். எழுதாதே. இப்ப நான் சொல்றதை மட்டும் செய். நூறு வரைக்கும் எண்ணு. எண்ணி முடிச்சதும் நீ கிளம்பலாம், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்... வாய்விட்டு எண்ணு, எனக்குக் கேக்கணும்.

... ம்... ம்... ஏழு... எட்டு... இவ்வளவு வேகமா எண்ணினா நான் எப்படிக் கேக்குறது... ம்... பதினஞ்சு... டேய், இருபதுக்கு அப்புறம் முப்பதா? யாரை ஏமாத்துறே? உனக்கு எண்ணச் சொல்லிக் குடுத்ததே நான்தான். இருபத்தொண்ணு... ம்... அப்படி வா...

... நீங்க ஏறி நில்லுங்க சார், இன்னொரு காலைப் பாத்துடலாம்... எண்ணுறான்... நாப்பத்துநாலு... உங்க பஸ் எத்தனை மணிக்கு?... இருக்கு, இருக்கு, நேரம் இருக்கு.

அம்பத்தாறு... ம்... என்னடா சத்தம்?... வந்துட்டாங்களா?... அத்தனை பேருமா... போகட்டும். வழி விட்டு ஓரமா நில்லு. தண்ணி தெறிக்குதா, தெறிக்கட்டும்... எவன்டா சிரிக்கிறான்?... சிரிக்கட்டும், பல்லு காயும்... நீ விட்ட இடத்துலேர்ந்து எண்ணு... எங்க விட்டே?... அறுபத்துமூணு. ஆமா, அறுபத்துமூணுதான்.

... ம்... எழுபது... ம்...

... எல்லாரும் போயிட்டாங்களா... ரோடு காலியா... ம்... எண்பத்தெட்டு... அழுறியாடா?... சரி, குளிருதான். தொண்ணூறு... தொண்ணூத்தொண்ணு... ம்...

... தொண்ணூத்தொன்பது... நூறு.

முடிஞ்சுது. இனி உன் இஷ்டம். நான் சொன்ன மாதிரியே ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

...

... என்னடா?... நூத்தியொண்ணா?

... நூறு போதும்னுதானே சொன்னேன்...

... ம்.

... நூத்திரெண்டு. ஆமா, கேக்குது... ம்... நூத்திமூணு... சரிப்பா. எண்ணு. ஒண்ணும் அவசரம் இல்லை... பெரியவளே, அவன் கையிலேர்ந்து சைக்கிளை மெதுவா வாங்கிக்கோ... ஒண்ணும் பேசாதே அவன்கிட்ட, வாங்கிக்கோ... குடுத்துட்டானா... கார் கதவைத் திறந்து வை. ஹீட்டரைப் போடு...

நூத்திப்பத்து... ம்... நான் வைக்கலைடா, இங்கதான் இருக்கேன். எண்ணு... நூத்திப்பதினொண்ணு... ம்... ஹலோ... கேக்குதாடா?... ஹலோ...

... இல்ல சார், கட் ஆயிடுச்சு.